நாலாம் கோப்பையும் ஒன்பதாம் கோப்பையும்

என் மனைவிக்கு உட்கார வராது. கல்யாணமான புதிதில் இது தெரியாமல், என் வீடு அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று உள்ளுக்குள் புழுங்கினேன். அப்புறம்தான் புரிந்தது, எந்த வீடாக இருந்தாலும் அவள் இப்படித்தான். பல் தேய்க்கும்போது நடப்பாள். போன் பேசும்போது நடப்பாள். சாப்பிடும்போதுகூட இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய் ஜன்னலை மூடிவிட்டு வருவாள். இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டதும் எழுந்துபோய் அதே ஜன்னலைத் திறந்துவிட்டு வருவாள். "அம்மா கால்ல பேட்டரி போட்டிருக்காங்கப்பா" என்பாள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள்.

ஒரே ஓர் இடத்தில்தான் அவள் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். ஒயின் இறக்குமதி செய்யும் கம்பெனியின் மூன்றாம் மாடியில், வெள்ளைத் துணி விரித்த நீள மேசையில், பன்னிரண்டு கண்ணாடிக் கோப்பைகளுக்கு முன்னால். அங்கே கண்ணை மூடிக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள் என்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள். அந்த நாற்காலி கைவிட்டுப் போகும் என்று ஆன பத்து நாட்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போது என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும். வரட்டும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்தில் ஆட்கள் போகிற லிஃப்டும் சரக்கு ஏற்றுகிற லிஃப்டும் இருபது வருஷமாக என் பொறுப்பு. எனக்கும் மூக்கு இருக்கிறது, முகத்தில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு. வேலைக்கு ஆகாது. எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்து ஒருதரம் அது உடைந்தது. அதற்கப்புறம் கேஸ் கசிந்தால்கூட யாராவது சொன்னால்தான் எனக்குத் தெரியும். இப்படிப்பட்டவனுக்கு அப்படிப்பட்ட பெண்டாட்டி. நாங்களே பார்த்துப் பேசிச் செய்துகொண்ட கல்யாணம், அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை.

நான் பார்த்துப் பேசியபோது அவள் ஒயினை ருசிக்கிறவள் இல்லை, கோப்பை கழுவுகிறவள். மூன்றாம் மாடியின் கோடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. இரண்டு தொட்டி, சுவர் முழுக்க மர அடுக்கு. காலையில் நூறு கோப்பை, மத்தியானம் நூறு கோப்பை. வெந்நீரில் அலசிக் கவிழ்த்து, ஈரம் வடிந்ததும் நூல் உதிராத துணியால் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து அடுக்க வேண்டும். ஒன்பது வருஷம் அதைச் செய்தாள். விரல் நுனியெல்லாம் எப்போதும் ஊறி வெளுத்துக் கிடக்கும். அந்த வேலையை அவள் ஒருநாளும் கேவலமாகப் பேசியதில்லை. ஆனால் அந்த அறை வாசலைக் கடக்கும்போது இன்றைக்கும் நடையைக் கொஞ்சம் எட்டிப் போடுவாள்.

மேசைக்கு அவள் வந்ததே ஒரு வாய்த்துடுக்கால்தான். ஒருநாள் அங்கே இருந்தவர்கள் ஒரு வெள்ளை ஒயினை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். பூ வாசம் என்றார் ஒருவர். எலுமிச்சைத் தோல் என்றார் இன்னொருவர். மலையடிவாரத்து மூடுபனி என்றுகூட ஒருவர் சொன்னாராம். காலிக் கோப்பை எடுக்கப் போனவள், "சார், அது ஒயின் இல்ல, சோப்பு. புது சோப்பு குடுத்திருக்காங்க, எத்தனை தடவை அலசினாலும் போக மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டாள். சுவைக் குழுவுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. தொண்டையைச் செருமாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார், அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் செருமல் சார். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு கோப்பையை வரிசையாக வைத்து முகரச் சொன்னார். அடுத்த மாதம் மேசையின் கடைசி நாற்காலி அவளுக்குக் கிடைத்தது.

வேலை இதுதான். எங்கெங்கிருந்தோ வருகிற ஒயின்களை ருசித்து, வாளியில் துப்பி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுத வேண்டும். அந்த இரண்டு வரியைப் பார்த்துத்தான் கடைக்காரர்கள் வாங்குவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, அன்றைக்கு ருசித்ததை என்னிடம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பெயர்களெல்லாம் என் வாயில் நுழையாது. அவளும் எனக்காகப் பெயரை விட்டுவிட்டு ஆளைச் சொல்வாள்.

குளிர்ந்த பள்ளத்தாக்கில் விளைந்த வெள்ளை ஒயினா? "வெடுக்கு வெடுக்குன்னு பேசுற கணக்கு டீச்சர். மூணே வார்த்தை, ஆனா மறக்காது." வெயில் கொளுத்தும் சமவெளியிலிருந்து வந்த சிவப்பா? "மைக் கையில கெடச்ச மாமா. எறக்கவே முடியாது." எரிமலைச் சரிவில் விளைந்த ஒன்று, தீப்பெட்டியின் பக்கவாட்டை நாக்கால் தொட்ட மாதிரி இருந்ததாம். புது மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்ததைக் குடித்தால், "மேக்கப் ஜாஸ்தி. மூஞ்சியக் கழுவிட்டு வரச் சொல்லணும்" என்பாள். நுரைக்கிற ஒயின் என்றால் பக்கத்து வீட்டு வம்பை மூச்சுவிடாமல் சொல்கிற சித்தி. கொடியிலேயே உறைந்துபோன பழத்தைப் பிழிந்து செய்கிற இனிப்பு ஒயின் ஒன்று வந்த அன்றைக்கு மட்டும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், ஜன்னலை ஒருதரம் மூடித் திறந்தாள். கடைசியில், "அழுது முடிச்சிட்டு சிரிச்சா ஒரு மாதிரி இருக்குமேங்க, அது" என்றாள். நான் தலையாட்டினேன். எனக்கு எல்லாமே புளித்த திராட்சைத் தண்ணீர்தான். ஆனால் அவள் சொல்லிக் கேட்டால் அந்த இடத்துக்கெல்லாம் போய்வந்த மாதிரி இருக்கும்.

மேசையில் இருந்த மற்றவர்களுக்கு இந்தப் பேச்சு ஆகாது. படித்துப் பட்டம் வாங்கியவர்கள். வாழ்க்கையில் கண்ணால் கண்டிராத பழங்களின் பெயரையெல்லாம் வரிசையாக எழுதுவார்கள். அவள் எழுதுவதைச் செருமல் சார் சிவப்பு மையால் அடித்துத் திருத்துவார். வீட்டுக்கு வந்து எனக்குத்தான் கோபம் வரும், அவளுக்கு வராது. "அவங்க அடிக்கிறது வார்த்தையத்தானே, மூக்கை இல்லையே" என்று சிரித்துவிடுவாள்.

வருஷத்துக்கு ஒருமுறை மேசையில் உட்காரும் ஆறு பேருக்கும் ஒரு சோதனை உண்டு. செருமல் சாரும் அதற்கு விலக்கில்லை. ஆளுக்குப் பன்னிரண்டு கோப்பை. எதில் என்ன இருக்கிறது என்று கிடங்குக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் பூட்டிய அறைக்குள் ஊற்றி, விடையை உறையில் போட்டு ஒட்டிவிடுவார். பன்னிரண்டில் இரண்டு மட்டும் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றியது. அந்த ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். சில வருஷம் ஆளைக் குழப்புவதற்காக ஜோடியே வைக்க மாட்டார்கள், அப்போது 'ஜோடி இல்லை' என்று எழுத வேண்டும். தவறினால் பத்தாம் நாள் மறுசோதனை. அதிலும் தவறினால் நாற்காலி போச்சு, எந்த வேலையிலிருந்து வந்தீர்களோ அதற்கே திரும்ப வேண்டும். மற்றவர்கள் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர்கள், விளம்பரப் பிரிவிலிருந்து வந்தவர்கள். இவள் வந்தது தொட்டி அறையிலிருந்து.

ஆறு வருஷம் அவள் தவறியதே இல்லை. ஏழாவது வருஷம் உறையைப் பிரித்தார்கள். நாலும் ஒன்பதும் ஜோடி. ஐந்து பேரும் அதையே எழுதியிருந்தார்கள். இவள் மட்டும், 'ஜோடி இல்லை. நாலும் ஒன்பதும் அக்கா தங்கச்சி, ஒரே ஆள் இல்லை. நாலு களைத்துப்போயிருக்கிறது' என்று எழுதியிருந்தாள்.

செருமல் சார் தொண்டையைச் செருமினார். "களைப்பு ஒயினுக்கு இல்லம்மா, உங்களுக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை. முதல் உத்தரவு, எண்ணெயில் எதையும் வதக்கக் கூடாது. இரண்டாவது, வாசனைச் சோப்பு கூடாது. மகளின் நகப்பூச்சு, என் முகச்சவர நுரை, தரை துடைக்கிற பினாயில் எல்லாம் ஒரு அட்டைப் பெட்டிக்குள் போய் பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டன. கிரீஸ் படிந்த என் சட்டையை மாடிப்படிக் கைப்பிடியிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மேல்வீட்டுக்காரர் என்னைப் பனியனோடு பார்த்துவிட்டு, "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். பிரச்சினைதான், ஆனால் அவர் நினைக்கிற மாதிரி இல்லை.

அவளோ குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தாள். கூடத்திலிருந்து அடுக்களைக்குப் பதினான்கு எட்டு நடை. அடுக்களையில் எதையாவது எடுத்து முகர்வாள். பென்சில் சீவல், ஈரக் காகித அட்டை, ஆறிப்போன டீ. வைத்துவிட்டுத் திரும்பிப் பதினான்கு எட்டு. "நாலு... ஒம்பது..." என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் மகள் இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மா, எது இன்னிக்குப் பிடிச்சது, எது நேத்துப் பிடிச்சது, சொல்லு பாப்போம்."

"இது நேத்துப் பிடிச்சது. அதுவும் மூடாம வச்சிருக்கே. அடுத்தது?"

"அடுத்தது ஒண்ணுமில்ல. நீ பேய்ம்மா" என்று மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். என் மனைவி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "தண்ணியிலயே தெரியுது. அப்ப அந்த ரெண்டும் எப்படிங்க ஒண்ணா இருக்கும்? இல்ல, எனக்கு மூக்கு போயிட்டிருக்கா?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் போகல."

"நீங்க சொல்லி என்ன, உங்களுக்குக் கேஸ் கசிஞ்சாலே தெரியாது" என்றாள். சொல்லிவிட்டு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. யாராவது ஒருத்தர் அவள் பக்கம் நிற்க வேண்டியிருந்தது, அது நான்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் அந்தக் கட்டடத்தில் சரக்கு லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. நான் கதவைத் திறந்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கிடங்குக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், நல்ல மனுஷன், பல வருஷப் பழக்கம். வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவர், அன்றைக்கு விரலைச் சொடுக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணி எப்படிண்ணே இருக்காங்க?"

"எப்படி இருப்பா? நடந்துக்கிட்டு இருக்கா."

மறுபடி விரல் சொடுக்கு. நான் ஸ்பேனரை நிறுத்தினேன். எந்த மெஷினும் சும்மா சத்தம் போடாது, எங்கேயோ ஒன்று உராய்ந்தால்தான் போடும். "என்ன விஷயம்? சொல்லு."

"நீங்க கத்தக் கூடாது."

"கத்துற விஷயமா இருந்தா கத்தத்தான் செய்வேன். சொல்லு."

அவர் குரல் தரைக்குப் போனது. "சோதனைக்கு முந்தின நாள் கடைக்காரங்க ருசி பாக்க வந்தாங்கண்ணே. அதுல ஒரு பாட்டில் பாதி மிச்சம் இருந்துச்சு. கொட்ட மனசு வரல. நாலாவது கோப்பைக்கு அதை ஊத்திட்டு, அதே ஒயின்ல புதுசா ஒண்ணு தெறந்து ஒம்பதுக்கு ஊத்திட்டேன். ரெண்டும் ஒரே பாட்டில்லேருந்துதான் ஊத்தணும், அதுதான் முறை. ஆனா ஒரே தோட்டம், ஒரே வருஷம், யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

"யாருக்குத் தெரிஞ்சுது?"

"அண்ணிக்கு மட்டும்தான்."

கத்தினேன். நான் கத்தியது ஒன்றாம் மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வேலை போய்விடும், அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார் என்றார். கண் கலங்கியது. எனக்கு ஒரு பக்கம் ரத்தம் கொதித்தது, இன்னொரு பக்கம் தலைகால் புரியாத பெருமை. ஆறு பேர் குடித்ததில் ஒரு ராத்திரி காற்றுப் பட்டது என் பெண்டாட்டிக்கு மட்டும் தெரிந்திருக்கிறது!

இந்த இடத்தில் மூளை உள்ளவன் என்ன செய்திருப்பான்? நேராக மூன்றாம் மாடிக்கு ஓடி அவள் காதில் சொல்லியிருப்பான். நான் அப்படிச் செய்யவில்லை. நான் கணக்குப் போட்டேன். சொன்னால் அவள் அந்தக் கணமே செருமல் சார் முன்னால் போய் நிற்பாள். அந்தப் பாட்டில் இப்போது இல்லை. கிடங்குக்காரர் பயத்தில் மறுத்துவிட்டால்? ஐந்து பேரும் தங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்வார்களா? வீம்புக்கு இவளைத்தான் துரத்துவார்கள். இதெல்லாம் நியாயமான யோசனை மாதிரித்தான் இருக்கிறது, இல்லையா? உண்மை என்னவென்றால் நான் பயந்தேன். மறுசோதனையிலும் அவள் தவறிவிடுவாள் என்று பயந்தேன். அவள் மூக்கு எவ்வளவு கூர்மை என்று தெரிந்த அந்த நிமிஷத்திலேயே அப்படிப் பயந்தேன், அதுதான் கொடுமை.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பதிலுக்கு எனக்கு நீ ஒண்ணு செய்யணும்" என்றேன். "மறுசோதனை அவளுக்கு மட்டும்தானே? ஜோடிக் கோப்பை ரெண்டுலயும் மத்ததை விட ஒரு நகக்கண் அளவு கூட ஊத்திடு. ஒம்பது வருஷம் கோப்பை கழுவினவ. பட்டுனு கண்ணுல பட்டுரும்."

"அண்ணிகிட்ட முன்னாடியே சொல்லி வைப்பீங்களா?"

"சொன்னா ஒத்துக்க மாட்டா."

அவர் தயங்கினார். எனக்குத்தான் தயக்கம் வரவில்லை. லிஃப்டைச் சரிசெய்துவிட்டு விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் விசில் நின்றுவிட்டது. அவள் நடந்துகொண்டிருந்தாள். அடுத்த நாளும் நடந்தாள். முன்பெல்லாம் அவள் நடக்கும்போது நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். இப்போது அவள் வைத்த எட்டு ஒவ்வொன்றும் என் நெஞ்சில் விழுந்தது. எனக்கும் உட்கார முடியவில்லை. அவள் அடுக்களைக்குப் போனால் நான் கூடத்துக்கு, அவள் கூடத்துக்கு வந்தால் நான் பால்கனிக்கு. "இந்த வீட்டுல யாராச்சும் ஒருத்தர் உக்காருங்களேன், தலை சுத்துது" என்று மகள் புத்தகத்தை மூடினாள்.

மறுசோதனைக்கு முந்தைய நாள் சாயங்காலம் அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, கிடங்குக்காரர் உங்களுக்குப் பழக்கம்தானே? நாலுக்கும் ஒம்பதுக்கும் ஒரே பாட்டில்லதான் ஊத்தினாரான்னு பேச்சுவாக்குல கேட்டுப் பாக்குறீங்களா? நான் கேட்டா சரியா இருக்காது."

"கேட்டுட்டேன்" என்றேன். "ஒரே பாட்டில்தானாம்."

அந்தப் பொய் என் வாயிலிருந்து எவ்வளவு வழுவழுப்பாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "அப்ப சரி" என்றாள். போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, உட்கார்ந்தே இருந்தாள். அவள் நடந்ததைப் பொறுத்துக்கொண்ட என்னால் அவள் உட்கார்ந்திருந்ததைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சோதனை. நான் ஆட்கள் போகிற லிஃப்டில் ஏதோ பழுது என்று ஒரு சாக்குச் சொல்லி, அதை மூன்றாம் மாடியில் நிறுத்தி, உள்ளே பொத்தான் பலகையைக் கழற்றிவைத்துக்கொண்டு நின்றேன். ஒரே திருகாணியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். பதினொன்றுக்கு அறைக் கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள், என்னைப் பார்த்தாள். லிஃப்டுக்குள் வந்து நின்றாள்.

"ரெண்டாவதும் பதினொண்ணாவதும் கூட ஊத்தியிருந்துச்சு" என்றாள். "யார் சொல்லி?"

நான் திருகாணியை உள்ளங்கையில் உருட்டினேன். "கண்டுபிடிச்சிட்டேல்ல? எழுதிட்டேல்ல?"

"நான் எப்பவும் கண்ண மூடிக்கிட்டு எல்லாத்தையும் ஒரு சுத்து மோந்துருவேன். ரெண்டும் பதினொண்ணும் ஒண்ணுன்னு மூக்கு சொல்லுச்சு. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுங்க. கண்ணத் தெறந்தா அளவு கூட. உக்காரும்போதே அதை நான் பாத்துட்டேனோ? மூக்கு சொல்லிச்சா, கண்ணு சொல்லிச்சா? எவ்வளவு யோசிச்சும் எனக்குத் தெரியல. அதான் எழுதல."

"எழுதலையா?"

"வெறுமனே விட்டுட்டேன்."

திருகாணி என் கையிலிருந்து விழுந்து லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் போய்விட்டது. நாற்காலி போச்சு. என்னால் போச்சு. அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். பாதி பாட்டில், அக்கா தங்கச்சி, நகக்கண் அளவு, நேற்றைய பொய், ஒன்றுவிடாமல். நான் முடித்ததும், "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அறையை நோக்கித் திரும்ப நடந்தாள்.

செருமல் சார் தனியாக உட்கார்ந்து அவள் எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் வேலை உடுப்போடு அந்த வெள்ளைத் துணி மேசை முன்னால் நின்று சொன்னேன். கிடங்குக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் வந்து என்னைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டு, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். கூடக் குறையச் சொல்லவில்லை. செருமல் சார் மூன்று தடவை செருமினார். மேசை இழுப்பறையைத் திறந்து பத்து நாளைக்கு முந்தைய தாளை எடுத்தார். தான் போட்ட சிவப்புக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலும் ஒம்பதும் ஒண்ணுன்னு நானும்தான் எழுதினேன்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் செருமவில்லை. "அன்னைக்கே இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கலாமே?"

"நாலு களைச்சிருக்குன்னு சொன்னேனே சார். ஒரு நாள் தெறந்து கெடந்தா அது களைச்சுத்தான் போகும்."

அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முதல் சோதனையும் செல்லாது, இரண்டாவதும் செல்லாது, திங்கட்கிழமை வழக்கம்போல வந்து உட்காருங்கள் என்றார். கிடங்குக்காரரை வேலையை விட்டு அனுப்ப வேண்டாம் என்று இவள்தான் கேட்டுக்கொண்டாள். இனி அவர் ஊற்ற வேண்டாம், கிடங்கோடு இருக்கட்டும் என்று முடிவானது. அவர் இவளைப் பார்த்துக் கும்பிட்டார். இவள் பரவாயில்லை என்பதுபோலத் தலையசைத்தாள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொத்தான் பலகையை மறுபடி மாட்டிவிட்டு லிஃப்டில் இறங்கும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்து நாள் பாரம் இறங்கிவிட்டது, நாற்காலி நிலைத்துவிட்டது, ஆறு பேரில் இவள்தான் கெட்டிக்காரி என்று செருமல் சாரே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. "இன்னைக்கு வீட்டுல எண்ணெயில எதையாச்சும் வதக்கிரலாமா?" என்று கேட்டேன். அவள் எண் மாறுகிற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, நாற்காலி கெடச்சிருச்சில்ல? அப்புறமும் ஏன் இப்படி இருக்கே?"

"அந்த அஞ்சு பேரும் ஒண்ணுன்னு எழுதினாங்க" என்றாள். "அவங்களுக்குத் தெரியல, எழுதினாங்க. நீங்க தெரிஞ்சே ஒண்ணுன்னு சொன்னீங்க."

"உனக்காகத்தானே..."

"நேத்து நீங்க சொன்னதும் நான் என் மூக்கை விட்டுட்டேங்க. உங்களை நம்பிட்டேன். ஏழு வருஷமா சும்மாதான் உக்காந்திருந்தேன் போல, கழுவுற ரூமே நமக்கு சரின்னு முடிவு பண்ணி, திங்கக்கிழமைக்கு எந்தச் சேலைன்னுகூட எடுத்து வச்சிட்டேன். பழைய சேலை. நனைஞ்சா பரவாயில்லாதது."

வெட்கமாக இருந்தது, இந்த வயதில் அப்படி ஒரு வெட்கம். லிஃப்ட் தரைத்தளத்தில் நின்று கதவு திறந்தது. அவள் முன்னால் போனாள். நான் இறங்குவதற்குள் மேலே யாரோ பொத்தானை அமுக்கிவிட்டார்கள். கதவு மூடிக்கொண்டது.